பழைய பட்டு, பாட்டியின் மோதிரம்: குடும்ப நினைவுகளோடு கல்யாணம் திட்டமிடுபவர்களின் கேள்விகள்

கல்யாணம் எங்கள் வீட்டுக் கல்யாணமாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இடம், அலங்காரம், விருந்தினர் பட்டியல் பற்றியெல்லாம் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பெட்டியில் கிடக்கும் பழைய பொருள்கள், பெரியவர்களின் ஞாபகங்கள், இவற்றால் கிளம்பும் சண்டைகள், இந்த மூன்றையும் பற்றித்தான் இங்கே பேச்சு.

எங்கிருந்து தொடங்குவது?

வீட்டில் மூத்தவரிடமிருந்து. தேதி குறித்த கையோடு எல்லோரும் இடம் தேடவும் அழைப்பிதழ் மாதிரி பார்க்கவும் ஓடுகிறார்கள். அவை காசு கொடுத்தால் கடைசி மாதத்திலும் கிடைக்கும். எண்பது வயதுக்காரரின் ஞாபகம் அப்படிக் கிடைக்காது.

"உங்க காலத்துல கல்யாணம் எப்படி நடந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா நடந்துச்சு" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்துச் சின்னச் சின்னதாகக் கேளுங்கள். ஓரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பவர் யார்? இந்தச் செருப்பு யார் வாங்கியது? கழுத்தில் இருக்கும் சங்கிலி இப்போது எங்கே? "அந்தச் சங்கிலியா, அது என்னோடதே இல்லையே, அக்காகிட்ட ஒரு நாளைக்கு வாங்கிப் போட்டது" என்று ஒரு வார்த்தை வந்து விழும். பிறகு அரை மணி நேரத்துக்குப் பேச்சு நிற்காது. உங்கள் கல்யாணத்துக்கு வேண்டியதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் இருக்கும்.

பேசுவதைப் பதிவு செய்யலாமா?

கட்டாயம். முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். கைபேசியே போதும், ஆனால் அவர் வாய்க்குப் பக்கத்தில், ஒரு மடித்த துணியின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தமெல்லாம் இடியாகக் கேட்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். இன்னொரு நாள் வரலாம்.

அவர் சொல்லும் வருடம் தப்பாக இருந்தால் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். ஒருமுறை திருத்தினால் அடுத்த கதை வராது. அத்தை ஒரு மாதிரியும் பெரியப்பா வேறு மாதிரியும் சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எது உண்மை என்று விசாரிக்கக் கல்யாண வேலைக்கு நடுவே யாருக்கு நேரம் இருக்கிறது?

பதிவின் பெயரில் ஆள், தேதி இரண்டும் இருக்கட்டும். பிரதியை வேறொரு இடத்திலும் வையுங்கள். கைபேசி தொலைந்து குரலும் போன வீடுகள் உண்டு.

இப்படிச் சேர்த்ததில் எத்தனையைக் கல்யாணத்தில் கொண்டுவரலாம்?

விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம் மூன்றுக்கு மேல் போனால் விருந்தினர்களுக்கு எதுவும் மனதில் நிற்பதில்லை. மூன்றே அதிகம் என்பது என் எண்ணம்.

தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் சோதனை எளிது: அந்தப் பொருளைக் காட்டி ஓர் ஆளின் பெயரை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா? "இது என் அம்மாவின் அம்மா தன் முதல் சம்பளத்தில் வாங்கிய கைக்கடிகாரம்" என்றால் அது வரட்டும். "இது பழசு, பார்க்க அழகா இருக்கு" என்று மட்டும்தான் சொல்ல முடிகிறதென்றால் அது அலங்காரப் பொருள். அலங்காரமாகவே வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அதற்காக வீட்டில் யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

பாட்டியின் கல்யாணப் பட்டை உடுத்தலாமா?

துணியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். ஆசையை வைத்துச் சொல்ல முடியாது.

பகல் வெளிச்சத்தில், சுத்தமான வெள்ளைப் போர்வையின் மேல் விரித்துப் பாருங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது மடிப்புகளை. பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்தக் கோட்டில்தான் முதலில் விட்டுப்போகும். கைபேசி டார்ச்சைத் துணிக்கு அடியில் பிடித்தால் நூல் தேய்ந்த இடங்களில் மட்டும் வெளிச்சம் கீற்றுக் கீற்றாகக் கசியும். அந்தக் கீற்றுகள் மடிப்புக்கு மடிப்பு ஓடினால் அந்தத் துணி உடம்பின் இழுப்பைத் தாங்காது. அக்குள், இடுப்பு, கழுத்து ஓரம் இவற்றையும் பாருங்கள். வியர்வை பட்ட பட்டு அங்கெல்லாம் மங்கி, மொடமொடப்பாகி இருக்கும்.

பட்டு நொறுங்க இன்னொரு காரணமும் உண்டு. பட்டு நூலின் மேல் இருக்கும் பசையை நீக்கும்போது எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். பட்டு எடைக்கு விற்கப்பட்ட சரக்கு. அதனால் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பல ஆலைகள் வெள்ளீய உப்புகளில் முக்கி எடையைத் திரும்ப ஏற்றின. தொட்டால் கனமாக, கம்பீரமாக இருக்கும். ஆனால் அந்த உப்பே பின்னாளில் நூலை அரித்து, துணி நீளநீளமாகக் கிழிகிறது. கொள்ளுப்பாட்டி காலத்து உடை அப்படி வரிவரியாகப் பிளந்திருந்தால் எந்தத் தையல்காரராலும் சரிசெய்ய முடியாது. பின்னால் வேறு துணி கொடுத்துத் தாங்கிப் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

துணி உறுதியாக இருந்தால் தையலைப் பாருங்கள். பல சமயம் துணி நன்றாக இருக்கும், தைத்த நூல் மக்கியிருக்கும். தையலைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். பிறகு வீட்டில் ஒரு மணி நேரமாவது உடுத்திப் பாருங்கள்: உட்காருங்கள், குனியுங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், படி ஏறுங்கள். கல்யாண நாளில் கட்டிப்பிடிக்க வருகிறவர்கள் துணியின் வயதைப் பார்த்துக் கட்டிப்பிடிக்க மாட்டார்கள்.

வாசனைத் திரவியமும் வியர்வை தடுக்கும் பூச்சும் துணியில் நேராகப் படக்கூடாது. பூசி, காய்ந்த பிறகு உடுத்துங்கள்.

தாங்காது என்று தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது?

நகல் செய்யலாம். பிரிட்டிஷ் அரச குடும்பம் 1841-ல் தைத்த ஞானஸ்நான அங்கியைத் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குப் போட்டது. 2004 வரை அசலே பயன்பட்டது. பிறகு, இனித் தாங்காது என்று அதேபோல இன்னொன்று தைத்தார்கள். 2008 முதல் குழந்தைகள் உடுத்துவது நகலைத்தான். பழைய லேஸ் பின்னலின் நிறம் வர வேண்டும் என்று புதுத் துணியைத் தேநீரில் முக்கினார்களாம். அரண்மனைக்கே நகல் போதுமென்றால் நமக்கென்ன கூச்சம்?

நகல் வேண்டாமென்றால் பழைய துணியில் நல்ல நிலையில் இருக்கும் ஒரு துண்டைப் புது உடையின் உள்பக்கத்தில் தைக்கலாம். நெஞ்சுக்கு நேரே, வெளியே தெரியாமல். அல்லது பூங்கொத்தின் காம்பைச் சுற்றலாம். அல்லது உடையை அப்படியே சட்டத்தில் வைத்து ஒரு மூலையில் காட்டலாம். நேர் வெயில் வேண்டாம், சூடான விளக்கும் வேண்டாம். அருங்காட்சியகங்கள் பழைய துணிக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் கொடுப்பதில்லை. பெரிய அரங்கத்தில் அத்தனை மங்கலாக வைக்க முடியாது. ஒரு மாலைப் பொழுது மட்டும் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள்.

அம்மாவின் உடையை என் அளவுக்கு வெட்டித் தைக்கலாமா?

இதில் இரண்டு கட்சி உண்டு. நான் வெட்டலாம் என்கிற கட்சி, ஒரு நிபந்தனையோடு: உடைக்குச் சொந்தக்காரர் வாய்திறந்து சம்மதம் சொல்ல வேண்டும். "உன் இஷ்டம்" என்று சொல்வது சம்மதம் ஆகாது, அது உங்களுக்கே தெரியும்.

பிரிட்டிஷ் இளவரசி பியாட்ரிஸ் 2020 ஜூலையில் தன் கல்யாணத்துக்குப் பாட்டி இரண்டாம் எலிசபெத்தின் உடையை இரவல் வாங்கி அணிந்தார். நார்மன் ஹார்ட்னெல் தைத்த அந்த உடையை அரசி 1960-களில் போட்டிருந்தார். பேத்திக்காகக் குட்டைக் கை வைத்துத் தைத்தார்கள். வேலையைக் கவனியுங்கள்: பழைய துணியின் மேல் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள், பிறகு கழற்றிவிடலாம். உங்கள் தையல்காரரிடமும் இதையே கேளுங்கள். வெட்டாமல் உள்ளே மடித்துத் தைக்க முடியுமா, பிரிக்க முடியுமா? வெட்டியே ஆக வேண்டுமென்றால் வெட்டிய துண்டுகளை ஒன்றுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

பழைய நகையைப் போட என்ன பார்க்க வேண்டும்?

கல் பதித்திருந்தால் கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளை. நகைக்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஐந்து நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். ஐம்பது வருடம் துணியிலும் தலைமுடியிலும் உரசித் தேய்ந்த கொக்கி கல்யாணக் கூட்டத்தில் கல்லை உதிர்த்துவிடும், தேடவும் முடியாது. சங்கிலியின் பூட்டைத் தனியாகச் சோதியுங்கள். பூட்டு பழசாக இருந்தால் புதிது போட்டு, பழைய பூட்டை ஒரு சின்ன உறையில் வைத்துக்கொள்ளலாம்.

முத்துமாலையாக இருந்தால் நூல் மாற்றாமல் போடாதீர்கள். ஒவ்வொரு முத்துக்கும் இடையில் முடிச்சுப் போடச் சொல்லுங்கள், அறுந்தாலும் ஒன்றுதான் விழும். முத்து அமிலத்துக்கு ஆகாது, வியர்வைக்கும் வாசனைத் திரவியத்துக்கும் மங்கும். எல்லா அலங்காரமும் முடித்துக் கடைசியில் போட்டு, முதல் வேலையாகக் கழற்றுங்கள். மரகதம், ஓபல், முத்து மூன்றையும் அதிர்வலை இயந்திரத்தில் போட்டுச் சுத்தம் செய்ய விடாதீர்கள். மரகதத்தின் விரிசல்களில் பெரும்பாலும் எண்ணெய் ஊட்டியிருப்பார்கள், அது வெளியேறிவிடும்.

மோதிரத்தை ஒன்றிரண்டு அளவு கூட்டவோ குறைக்கவோ பொதுவாக முடியும். சுற்றிலும் கல் வைத்ததை மாற்றுவது கடினம். உள்பக்கம் பெயரோ தேதியோ செதுக்கியிருந்தால் முதலில் அதைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், பிறகு எழுத்து இல்லாத இடத்தில் வெட்டச் சொல்லுங்கள். இதை நீங்கள் சொல்லாவிட்டால் அவர் வசதிப்பட்ட இடத்தில் வெட்டுவார்.

பாட்டி நகையை உருக்கிப் புது மோதிரம் செய்தால் பாட்டியின் தங்கம்தானே?

உங்கள் கண் முன்னால் தனியாக உருக்கினால், ஆம். பல கடைகளில் பழைய தங்கத்தை வாங்கிக்கொண்டு அதே எடைக்கு வேறு தங்கம் தருவார்கள். கணக்கு சரியாக இருக்கும், பாட்டி இருக்கமாட்டார். தனி உருக்கு வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

தரமும் மாறலாம். 22 கேரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், 18 கேரட் என்றால் 75. பழைய நகையில் பொடி வைத்து ஒட்டிய இடங்கள் நிறைய இருந்தால் உருக்கியதன் தரம் நினைத்ததைவிடக் குறையும். கடைகளில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவி பெரும்பாலும் மேற்பரப்பைத்தான் அளக்கும், அதனால் உருக்கிய பிறகு இன்னொரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் சொல்கிறேன், வேலைப்பாடு நன்றாக இருந்தால் உருக்க வேண்டாம். தங்கம் எங்கும் கிடைக்கும், அந்த வேலைப்பாடு கிடைக்காது.

ஒரே நகை, மூன்று பேத்திகள். யார் போடுவது?

மூன்று பேரும் போடலாம், முறைவைத்து. இரவல் என்பதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: யாரிடம் இருக்கிறது, எத்தனை நாள், சேதமானால் யார் செலவு. குடும்பக் குழுவில் ஒரு செய்தியாகப் போட்டுவிட்டாலே போதும், பத்திரம் எழுத வேண்டாம். "கல்யாணத்துக்குப் போட்டுக்கோ" என்று பெரியம்மா சொன்னதைக் கொடுத்துவிட்டார் என்று ஒருவரும், போட்டுவிட்டுத் திருப்பித் தரச் சொன்னார் என்று இன்னொருவரும் எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் பேசாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கல்யாணத்தில் போட்டதால் நகைமேல் உரிமை வந்துவிடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால் பாதிச் சண்டை வராது.

வெளியூருக்கு எடுத்துப் போனால் கைப்பையில். சரக்குப் பெட்டியில் போடவே கூடாது.

பழைய புகைப்படங்களை வைக்க நல்ல வழி என்ன?

அசலை வீட்டில் வைத்துவிட்டு நகலைக் கொண்டுபோங்கள். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

கைபேசியில் படம்பிடித்தால் கண்ணாடி மினுக்கும், ஓரம் வளையும். ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி, வையுங்கள். இரண்டுக்கு மூன்று அங்குலப் படம் அதில் 1200-க்கு 1800 புள்ளிகளாக வரும். நல்ல தரத்தில் நான்குக்கு ஆறு அங்குலத்துக்கு அச்சிடலாம். ஒரு முகத்தைப் பெரிதாக்கி வாசலில் வைக்க ஆசை என்றால் 1200 டிபிஐ. சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். முகமே கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுங்கள்.

ஒவ்வொரு படத்துக்குக் கீழும் பெயர், உறவு, முடிந்தால் வருடம். "மணமகளின் தாத்தா" என்பதைவிட, தாத்தாவின் பெயரைப் போட்டு "மிதிவண்டியில் எண்பது மைல் வந்து பெண் பார்த்தவர்" என்று எழுதினால் கூட்டம் அங்கேயே நின்றுவிடும். அப்படி ஒரு வரி கிடைக்காத படத்தை வைக்காதீர்கள். சுவர் நிறையப் படம் வைத்து யாரும் பார்க்காமல் போவது பரிதாபம்.

எல்லாப் படத்திலும் உங்கள் பக்கத்துச் சொந்தமே இருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சம்பந்தி வீட்டார் கட்டாயம் எண்ணுவார்கள்.

தாத்தாவின் கையெழுத்தை எங்கே பயன்படுத்தலாம்?

கடிதம், கணக்கு நோட்டு, புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிய பெயர், எதிலிருந்தும் எடுக்கலாம். கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து கொடுத்தால் அழைப்பிதழ் வடிவமைப்பவர் கோடுகளாக மாற்றித் தருவார். மோதிரத்தின் உள்பக்கம், உடையின் ஓரம், அழைப்பிதழின் பின்பக்கம் என்று எங்கும் போகும். ஒரு சொல் போதும். முழுக் கடிதத்தையும் போட்டால் யாரும் படிக்கப்போவதில்லை. அதோடு கடிதத்தில் எழுதியிருப்பது ஊருக்குத் தெரிய வேண்டுமா என்பதையும் யோசியுங்கள்.

இறந்துபோனவர்களை எப்படி நினைவுகூர்வது? எல்லோரும் அழுதுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

அழுதால் அழட்டும். ஆனால் யார் அதிகம் அழுவாரோ அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கணவரை இழந்த அம்மாவுக்கு, மேடையில் திடீரென்று அவர் குரல் ஒலித்தால் அது பரிசாகவும் இருக்கலாம், தாங்க முடியாத அடியாகவும் இருக்கலாம். அது எதுவாக இருக்கும் என்று அம்மாவுக்குத்தான் தெரியும்.

காலி நாற்காலி வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அன்று முழுதும் எல்லோர் கண்ணும் அந்த நாற்காலியிலேயே இருக்கும். அதைவிட, இறந்தவரின் சட்டையிலிருந்து எடுத்த ஒரு பொத்தானை மணமகன் தன் கோட்டின் உள்பக்கம் தைத்துக்கொள்ளலாம். அவர் வழக்கமாகச் சொல்லும் ஒரு வேடிக்கையை வாழ்த்துரையில் ஒருவர் சொல்லலாம். சிரிப்பு வரும், கூடவே கண்ணும் கலங்கும்.

இறப்பு நடந்து சில மாதங்களே ஆகியிருந்தால் குறைவாகச் செய்யுங்கள். வீட்டார் ஏற்கெனவே நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இரண்டு குடும்பமும் வேறு வேறு முறை. இரண்டையும் செய்தால் நாள் பத்தாதே?

இரண்டையும் முழுசாகச் செய்ய நினைத்தால் பத்தாதுதான். ஒவ்வொரு வீட்டாரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது இல்லாவிட்டால் கல்யாணம் நடந்ததாகவே உங்களுக்குத் தோன்றாது, அப்படிப்பட்டது எது?" பெரிய பட்டியலோடு வந்தவர்கள்கூட இந்தக் கேள்விக்கு ஒன்றோ இரண்டோதான் சொல்வார்கள். அவற்றைச் சுருக்காமல் செய்யுங்கள். மற்றவற்றை முதல் நாள் மாலையில், நெருங்கிய சொந்தத்தோடு வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டையும் கலந்து புதிதாக ஒரு சடங்கு உண்டாக்கலாமா என்று கேட்பார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. கலந்தது எந்த வீட்டுக்காரருக்கும் தன்னுடையதாகத் தெரிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து, என்ன நடக்கிறது என்று மற்ற வீட்டாருக்குப் புரியும் மொழியில் ஓர் அட்டையில் நான்கு வரி அச்சிட்டுக் கொடுத்தால் அந்தப் பக்கத்துப் பாட்டிகள்கூட ஆர்வமாகப் பார்ப்பார்கள்.

சடங்கு நடத்துபவரிடம் நேர அளவைக் கேட்டு வாங்குங்கள். "கொஞ்ச நேரம்தான்" என்றால் நிமிடக் கணக்கில் கேளுங்கள்.

"இது நம்ம வழக்கமே இல்லை" என்று பெரியவர்கள் மறுத்தால்?

மறுப்பதற்கு உரிமை உண்டு. ஆனால் வழக்கம் என்று நாம் நினைப்பதற்கெல்லாம் பிறந்த தேதி இருக்கிறது. மணமகள் வெள்ளை உடுத்துவது ஐரோப்பாவில் பரவியது விக்டோரியா அரசி 1840-ல் வெள்ளை உடுத்திக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு. அதற்கு முன் பெரும்பாலானவர்கள் இருப்பதில் நல்லது எந்த நிறமோ அதை உடுத்தினார்கள். ஜப்பானில் ஷின்டோ கோவிலில் நடக்கும் கல்யாணம் மிகப் பழையது என்று தோன்றும். 1900-ல் பட்டத்து இளவரசர் யோஷிஹிட்டோவின் கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்த முறை பொதுமக்களிடம் பரவியது. வைர மோதிரம் பல நாடுகளில் ஊன்றியது டி பியர்ஸ் நிறுவனத்தின் விளம்பரங்களால்.

இதையெல்லாம் பெரியவர்களிடம் போய் அடுக்காதீர்கள், வாக்குவாதத்தில் ஜெயித்துக் கல்யாணத்தில் தோற்றுப்போவீர்கள். அவர்கள் கல்யாணத்தில் அவர்களே செய்த புதுமை என்ன என்று கேளுங்கள். தன் அப்பாவை எதிர்த்து ஏதாவது ஒன்றைச் செய்திருப்பார்கள், அதைச் சொல்லும்போது முகம் மாறும். அந்த நேரம் பார்த்து உங்கள் ஆசையைச் சொல்லலாம்.

எங்கள் குடும்பத்தில் பழைய பொருள் எதுவும் மிஞ்சவில்லை.

போரில், வெள்ளத்தில், கடனில், பிரிவினையில் எல்லாம் போன வீடுகள் எத்தனையோ. தத்தெடுக்கப்பட்டவர்களுக்கும், வீட்டோடு உறவே இல்லாதவர்களுக்கும் இதே கேள்விதான்.

பொருள் போனாலும் பழக்கங்கள் இருக்கும். வீட்டில் யார் உங்களைத் தூங்கவைக்க எதைப் பாடினார், எந்தச் செல்லப் பெயர் மூன்று தலைமுறையாக வருகிறது, கதவைச் சாத்தும்போது அப்பா என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். அதில் ஒன்று வாழ்த்துரையிலோ மேசைகளின் பெயரிலோ வரட்டும். அம்மாவின் தோழிதான் உங்களை வளர்த்தார் என்றால் உங்கள் குடும்பப் பாரம்பரியம் அவரிடமிருந்து வரும். ரத்தம் பார்க்க வேண்டியதில்லை.

பழசாகத் தெரிய வேண்டும் என்று கடையில் ஒரு பழைய பெட்டி வாங்கி வைப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

குடும்பத்துச் சமையல் குறிப்பை விருந்தில் சேர்க்க முடியுமா?

முடியும், ஒரே ஒரு பதார்த்தம். ஆறு பேருக்கு எழுதிய அளவை ஐம்பதால் பெருக்கினால் முந்நூறு பேருக்கு வந்துவிடாது. பெரிய பாத்திரத்தில் கொள்ளளவைப் பார்க்கும்போது மேற்பரப்பு குறைவு, அதனால் நீர் வற்றுவது குறையும், கொதிக்கவும் ஆறவும் நேரம் கூடும். உப்பும் காரமும் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. சமைப்பவர் ஒருமுறை நாற்பது, ஐம்பது பேர் அளவில் செய்து காட்டட்டும். அந்தக் குறிப்புக்குச் சொந்தக்காரர் ருசி பார்க்க வரட்டும். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எல்லாம் நாங்களே கையால் செய்தால் செலவு குறையுமா?

காசு குறையலாம், நேரம் குறையாது. ஓர் அழைப்பிதழுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் 150 அழைப்பிதழுக்கு 37 மணி நேரத்துக்கு மேல். அதுவும் கடைசி வாரங்களில். உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒரு வேலையைக் கையால் செய்யுங்கள், மற்றதைக் காசு கொடுத்து வாங்கிவிடுங்கள்.

பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். பழைய குடும்பப் படங்களை வைக்கலாமா?

இருவரிடமும் தனித்தனியாகக் கேட்காமல் வைக்காதீர்கள். பெரும்பாலும் அவரவர் பெற்றோர் படங்களை வைப்பதில் யாருக்கும் மனவருத்தம் இருக்காது. அவர்களின் கல்யாணப் படம்தான் சிக்கல்.

சட்டப்படி ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நீங்கள் சேர்க்கும் எதுவும் பதிவைப் பாதிக்காமல் இருக்க வேண்டும். பிரான்ஸில் நகராட்சி அலுவலகத்தில் சிவில் திருமணம் முடிந்த பிறகுதான் மதச் சடங்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவாளர் நடத்தும் சிவில் நிகழ்ச்சியில் மதச் சடங்கைச் சேர்க்க முடியாது. இருக்கும் இடத்தின் விதியைப் பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அதற்கு முன்னோ பின்னோ குடும்ப நிகழ்ச்சியை வையுங்கள்.

புகைப்படக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்?

மூன்று பொருள், ஐந்து பெரியவர்கள் என்று ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். கூடவே குடும்பத்தை அடையாளம் தெரிந்த ஒருவரை அவரோடு விடுங்கள். இல்லாவிட்டால் மோதிரத்துக்கு இருபது படம் இருக்கும், மோதிரம் கொடுத்த பெரியம்மாவுக்கு ஒன்றுகூட இருக்காது. பெரியவர்களை முதல் ஒரு மணி நேரத்திலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள், பிறகு களைத்துவிடுவார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு பழைய பொருள்களை என்ன செய்வது?

உடையை அந்த வாரத்திலேயே துணி தெரிந்த சலவைக்காரரிடம் காட்டுங்கள். இனிப்புப் பானம் சிந்திய இடம் அன்று கண்ணுக்குத் தெரியாது. சர்க்கரை துணியில் தங்கி மாதங்கள் கழித்து மஞ்சளாக எழும், பிறகு போகாது. எங்கே சிந்தியது என்று ஞாபகம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஜரிகை போட்ட துணியை வீட்டில் தண்ணீரில் நனைக்க வேண்டாம்.

திரும்ப வந்ததும் அமிலமற்ற, காரமும் சேர்க்காத டிஷ்யூ தாளைச் சுருட்டி மடிப்புகளுக்குள் வைத்து, பருத்தித் துணியில் பொதிந்து வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். அந்துருண்டையைத் துணிமேல் வைக்க வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, பழைய மடிப்பில் விழாமல் வேறு இடத்தில் மடியுங்கள். இரவல் வாங்கியவற்றை ஒரு மாதத்துக்குள், துடைத்து, நேரில் போய்க் கொடுங்கள்.

பெட்டிக்குள் ஒரு தாள் போடுங்கள்: யாருடையது, யாரெல்லாம் உடுத்தினார்கள், எந்தத் தேதி, எந்த இடத்தில் தைத்துச் சரிசெய்தது. பென்சிலில் எழுதினால் மை கசியாது.